ஐ.ஆர். பேனலை எந்தச் சுவரில் மாட்டுவது? ஓர் அரங்கும் நான்கு இடங்களும்

பொருளாளர் போனில் கேட்டார்: "அண்ணாச்சி, பேனல் ரெண்டும் வந்துட்டு. பூத்துக்கு மேலயே மாட்டிருவமா? ஒயர் மிச்சம்லா?"

"கொஞ்சம் பொறுங்க, நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வாரேன்" என்றேன். ஏன் நாலு மணி என்பதைப் பிறகு சொல்கிறேன். ஐ.ஆர். பேனல் என்றால், மைக்கில் பேசுவதை அகச்சிவப்பு வெளிச்சமாக அரங்கில் பரப்பும் பலகை. காது மந்தமானவர்கள் மாட்டிக்கொள்ளும் ரிசீவர் அதைப் பிடித்துக் காதுக்குக் கொடுக்கும்.

அரங்கு பாளையங்கோட்டையில் இருக்கிறது. பழைய கட்டடம். அகலம் 16 மீட்டர், மேடை விளிம்பிலிருந்து பின்சுவர் வரை 26 மீட்டர். கடைசி 6 மீட்டருக்கு மேலே பால்கனி. மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் இடது கைப்பக்கம் மேற்கு, அங்கே வரிசையாக ஏழு ஜன்னல். நீளக் கம்பியில் தொங்கும் ஃபேன்கள். சவுண்ட் பூத் பின்சுவரின் வலது மூலையில். பட்டிமன்றம், ஆண்டு விழா, புத்தக வெளியீடு, இவைதான் இங்கே அதிகம். வருகிறவர்களில் பாதிப்பேர் தலை நரைத்தவர்கள்.

அவர்களுடைய குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். "சத்தம் கேக்கு, பேச்சு வெளங்கல." ஸ்பீக்கரைக் கூட்டி வைத்தால் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியும் சேர்ந்து கூடுகிறது. வயதாகும்போது முதலில் மங்குவது உச்ச ஸ்தாயி. சொல்லைச் சொல்லாகப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளின் ஓசை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் மைக்கிலிருந்து வரும் பேச்சை அரங்கின் காற்றில் விடாமல் நேரே காதுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

காது கேளாதோருக்கான பள்ளி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிய ஊர் இது. இந்தியாவில் எழுந்த முதல் சில பள்ளிகளில் அதுவும் ஒன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பொதுக் கட்டடங்கள் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்கிறது. ஆனாலும் நம் அரங்குகளில் சாய்தளம் கட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். சைகை மொழியில் பேசுகிறவர்களுக்கு இந்தக் கருவி உதவாது, அவர்களுக்கு மேடையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இது கொஞ்சம் கேட்கும் திறன் மிச்சம் இருக்கிறவர்களுக்கு.

அகச்சிவப்புக்குப் பதில் வேறு வழிகளும் உண்டு. தரையைச் சுற்றி ஒயர் ஓட்டும் 'லூப்' முறையில், டி-சுவிட்ச் (லூப்பின் காந்தப் புலத்தைப் பிடிக்க வைக்கும் சுவிட்ச்) உள்ள காதுக் கருவி வைத்திருப்பவர் ரிசீவரே வாங்க வேண்டாம், சுவிட்சைத் தட்டினால் போதும். அது பெரிய வசதி. ஆனால் இங்கே புதிதாகப் போட்ட டைல்ஸை உடைக்கக் கமிட்டி சம்மதிக்காது, கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியும் லூப்பின் பலத்தைத் தின்னும். எஃப்.எம். முறைக்குப் பேனல் எங்கே என்ற கவலையே கிடையாது, ஆனால் அது சுவரைத் தாண்டும். அதே காம்பவுண்டுக்குள் இன்னொரு கூட்ட அறை இருக்கிறது, அங்கேயும் நாளைக்கு ஒரு செட் வைக்கப்போகிறார்கள். அகச்சிவப்பு வெளிச்சத்தைப் போல, சுவரோடு நின்றுவிடும். அதனால் இதை வாங்கியது சரி என்றே நினைக்கிறேன்.

வெளிச்சத்தைப் போல என்று சொன்னது உவமைக்காக இல்லை, அது வெளிச்சமேதான். நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பேனலில் இருக்கும் நூற்றுக்கணக்கான எல்.இ.டி. விளக்குகள் செகண்டுக்கு 23 லட்சம் தடவை கூடிக் குறைகின்றன. பேச்சு அந்தத் துடிப்பின் மேல் ஏறிப் போகிறது. கழுத்தில் மாட்டிய ரிசீவரின் சின்னக் கண் அதைப் பிடித்துத் திரும்பப் பேச்சாக மாற்றுகிறது. ஆக, பேனலை மாட்டுவதும் விளக்கு மாட்டுவதும் ஒரே வேலை. எங்கே நிழல் விழும், எது வெளிச்சத்தை விழுங்கும், எது திருப்பி அனுப்பும் என்று பார்க்க வேண்டும்.

பொருளாளர் சொன்ன இடத்திலிருந்தே தொடங்குகிறேன். பூத்துக்கு மேலே, அல்லது பால்கனியின் முகப்பில். ஒயர் பத்து மீட்டரில் முடிந்துவிடும். ஆபரேட்டர் கைக்கெட்டும் தூரம். விற்கிற ஆளும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்: "மேடைச் சுவர்ல பட்டுத் திரும்பும் சார்." வெள்ளையடித்த வழவழப்பான சுவர் என்றால் ஓரளவு திரும்பத்தான் செய்யும். இந்த மேடையின் பின்னால் தொங்குவது கறுப்பு வெல்வெட் திரை. கறுப்பும் சொரசொரப்பும் வெளிச்சத்தைத் தின்றுவிடும். அப்புறம், கேட்கிறவர் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், ரிசீவரின் கண் அவர் நெஞ்சில் இருக்கிறது. பின்னால் இருந்து வரும் வெளிச்சம் அவர் முதுகில்தான் விழும். அவரே தனக்கு நிழல்.

இதைச் சொல்லிப் புரிய வைப்பதைவிடக் காட்டுவது சுலபம். பேனலை பால்கனிக் கைப்பிடியில் தற்காலிகமாகக் கட்டி வைத்தேன். பொருளாளர் ரிசீவரை மாட்டிக்கொண்டு மேடையைப் பார்த்து நின்றார். "இரைச்சலா வருது." திரும்பிப் பால்கனியைப் பார்த்தார். "ஏ, இப்ப நல்லாக் கேக்கு." மறுபடி மேடைப் பக்கம் திரும்பினார். அதற்கு மேல் விவாதம் இல்லை.

பால்கனி முகப்புக்கு ஒரே ஒரு நியாயம் உண்டு. மேடையில் உட்காரும் விருந்தினருக்குக் காது மந்தம் என்றால் அவருக்கு அங்கிருந்து நேராகக் கிடைக்கும். நடுவராக வருகிற பெரியவர்களை நினைத்தால் இது சும்மா சொல்வதில்லை. ஆனால் அதற்கு ஒரு சின்னப் பேனல் தனியாகப் போதும்.

அடுத்தது கூரை. மூன்று மீட்டர் உயர வகுப்பறை என்றால் நான் கூரையைத்தான் சொல்வேன். முன்னால் உட்கார்ந்தவர் தலை மறைக்காது. இங்கே கூரை எட்டு மீட்டருக்கு மேல். நடுவில் மாட்டினால் ஃபேன்கள் பேனலுக்குக் கீழே வருகின்றன. ஓடும் இறக்கைகள் வெளிச்சத்தை நறுக்கி நறுக்கி அனுப்பும். நெஞ்சில் முன்னோக்கி இருக்கும் கண்ணுக்குத் தலைக்கு மேலிருந்து வரும் வெளிச்சம் சரிவாகத்தான் கிடைக்கும். பால்கனிக்கு அடியில் இருப்பவர்களுக்கு ஒன்றுமே கிடைக்காது. போதாததற்கு, பேனல் சூடாகும், பின்பக்கம் காற்றோட்டம் வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் பதித்து அழகு பார்த்தால் ஆயுள் குறையும். பழுது என்றால் சாரம் கட்ட வேண்டும். கூரை வேண்டாம்.

பக்கச் சுவர்களைப் பற்றிப் பேசும்போதுதான் அந்த நாலு மணி வருகிறது. மார்ச்சிலிருந்து மே வரைக்கும் நம் பக்கத்துச் சாயங்கால வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு நாலரைக்கு மேற்கு ஜன்னல் வழியாகச் சாய்ந்து வந்த வெயில் ஐந்தாம் வரிசை முதல் ஒன்பதாம் வரிசை வரை நாற்காலிகள் மேல் பட்டை பட்டையாகக் கிடந்தது. வெயிலில் அகச்சிவப்பு ஏராளம், சாதாரணக் கண்ணாடி அதைத் தடுக்காது. பட்டைக்குள் ரிசீவரைப் பிடித்தால் உஸ்ஸென்ற இரைச்சல், ஒரு நாற்காலி தள்ளி நிழலுக்குப் போனால் தெளிவு. முன்பு ஒரு மண்டபத்தில் வேறொரு ஆள் ராத்திரி ஏழு மணிக்குச் சோதித்து "எல்லாம் ஓ.கே." என்று பணம் வாங்கிப் போய்விட்டார். விழா மத்தியானம் மூன்றரைக்கு. மேற்கு ஓரத்தில் உட்கார்ந்த யாருக்கும் கேட்கவில்லை. சாரல் காலத்து மப்பு வானத்திலும் சோதித்துப் பயன் இல்லை. நல்ல வெயில் நாளில், எந்த நேரத்தில் நிகழ்ச்சி நடக்குமோ அந்த நேரத்தில் பார்க்க வேண்டும்.

பக்கச் சுவரில் மாட்டினால் இந்த வெயிலோடு நேருக்கு நேர் மோதுகிறோம். கிழக்குச் சுவர்ப் பேனலின் வெளிச்சம் எதிரே ஜன்னல் வழியாகப் பாதி வெளியே போகும். மேற்குச் சுவரில் ஜன்னல்களுக்கு இடையே இருக்கும் இடம் குறுகல். பக்கத்து நாற்காலிக்காரரின் தோள் மறைக்கும். நீண்டு ஒடுங்கிய கூடத்தில், பின்வரிசைகளுக்கு முன்பக்க வெளிச்சம் எட்டாதபோது, பக்கச் சுவரின் நடுவில் மேடைக்கு எதிர்த்திசையாகச் சற்றுத் திருப்பி மாட்டுவது நல்ல வழிதான். நம்முடைய 26 மீட்டருக்கு அது தேவைப்படவில்லை. எங்கே மாட்டினாலும் ஜன்னலுக்குத் திரை வேண்டும். திரை எடுக்கும்போது கனமான, ஆனால் வெளிர் நிறத் துணியாக எடுக்கச் சொன்னேன். கமிட்டியில் ஒருவருக்கு மெரூன் நிறத்தின் மேல் தீராத ஆசை. அதில் நான் தலையிடவில்லை, மேற்கு ஜன்னலுக்கு மட்டும் சந்தன நிறம் என்று முடிந்தது.

கடைசியில் முன்பக்கம்: மேடையின் இரண்டு பக்கத் தூண்கள். என் ஓட்டு இதற்குத்தான். கேட்கிறவரின் கண்ணும் ரிசீவரின் கண்ணும் பார்க்கும் திசை அதுதான். வலது தூண் பேனல் இடது பின்மூலையைப் பார்க்கட்டும், இடது தூண் பேனல் வலது பின்மூலையைப் பார்க்கட்டும். ஒருவருக்கு ஒரு பேனலை முன்னிருக்கைக்காரரின் தலை மறைத்தால் மற்றது கிடைக்கும்.

உயரம் ஐந்து மீட்டர் என்று வைத்தேன், ஃபேன் இறக்கைகளுக்குக் கீழே. உட்கார்ந்தவரின் ரிசீவர் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர். பேனலின் நடுக்கோடு 15 மீட்டர் தள்ளி இருக்கும் வரிசையில் விழ வேண்டுமானால் ஏறத்தாழ 14 டிகிரி கீழே சாய்க்க வேண்டும். ஏன் நடுவைத் தாண்டிக் குறி வைக்கிறோம் என்றால், தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். பேனலின் நடுக்கோட்டில்தான் பலம் அதிகம். அந்தப் பலத்தைத் தூரத்துக்குக் கொடுத்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஓரத்து வெளிச்சமே தாராளம். நிறையப் பேர் பேனலை முதல் வரிசையைப் பார்த்துக் கவிழ்த்து வைக்கிறார்கள். அங்கே உட்காருகிற பிரமுகருக்குக் கேட்டால் போதும் என்ற கணக்கோ என்னவோ.

பால்கனியின் அடியில் நிழல் விழுமே என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. தூணில் ஐந்து மீட்டர் உயரத்தில் ஒரு டியூப்லைட்டைக் கட்டி எரியவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்தோம். பால்கனியின் கீழ் விளிம்புக்கு அடியில் டியூப்லைட் நன்றாகவே தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்தால் ரிசீவருக்கும் தெரியும், கணக்கே தேவையில்லை. பேனலைக் கூரையோரம் ஏற்றியிருந்தால் பால்கனி விளிம்பு இன்னும் நெருங்கி வந்திருக்கும். கடைசி வரிசையில் குறை நிழலால் வரப்போவதில்லை, தூரத்தால் வரும்.

முன்பக்கத்துக்கு உள்ள தொந்தரவு ஒயர். இதில் நான் சூடுபட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் நாங்குநேரிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இதே மாதிரி இரண்டு பேனல் மாட்டினேன். வலது பேனலுக்கு 25 மீட்டர் ஒயர், இடது பேனலுக்கு மேடையைச் சுற்றிப்போக 65 மீட்டர். சோதிக்கும்போது வலது பக்கம், மேடையிலிருந்து ஒரு 15 மீட்டர் தள்ளி, ஏழெட்டு நாற்காலிகளில் மட்டும் சத்தம் செத்துப்போயிருந்தது. அங்கே நின்றால் இரண்டு பேனலும் பளிச்சென்று தெரிகின்றன. ரிசீவரை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன். வெறுத்துப்போய் ஒரு பேனலின் ஒயரைப் பிடுங்கினேன். சத்தம் வந்துவிட்டது. மறுபடி செருகினேன், போய்விட்டது.

கணக்கு இதுதான். 23 லட்சம் துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 435 நானோ செகண்டு (ஒரு செகண்டை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோ செகண்டு). ஒயரில் ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 5 நானோ செகண்டு. 40 மீட்டர் வித்தியாசம் என்றால் 200. அந்த நாற்காலிகளுக்கு இடது பேனல் ஐந்து மீட்டர் கூடுதல் தூரம், காற்றில் மீட்டருக்கு 3.3 வீதம் இன்னொரு 17. மொத்தம் 217, அதாவது சரியாக அரைத் துடிப்பு. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கியது. இரண்டின் பலமும் அங்கே ஏறத்தாழ சமம் என்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. இரண்டு பேர் ஊஞ்சலை எதிரெதிராகத் தள்ளினால் என்ன ஆகும், அதேதான்.

தீர்வு ரொம்பச் சாதாரணம். இரண்டு ஒயரும் ஒரே நீளம் இருக்க வேண்டும். கிட்டத்துப் பேனலுக்கு மிச்ச நீளத்தைச் சுருட்டிப் போட வேண்டியதுதான். விலை கூடிய சில பேனல்களில் தாமதத்தைச் சரிசெய்யும் சுவிட்ச் இருக்கிறது, இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இந்த அரங்கில் வலது தூணுக்கு 35 மீட்டர், இடதுக்கு 60. ஆகவே 25 மீட்டர் கோஆக்ஸ் ஒயர் சும்மா சுருண்டு கிடக்கப் போகிறது. பொருளாளருக்கு இதுதான் பெரிய வருத்தம். "உபயோகம் இல்லாத ஒயருக்குமா காசு?" அந்த ஒயர் சுருண்டு கிடப்பதே அதன் உபயோகம்.

பழைய செட்டுகளில் இந்தத் தலைவலி கிடையாது. அவை 95 அல்லது 250 கிலோஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு 95 ஆயிரம் அல்லது இரண்டரை லட்சம் துடிப்பில் ஓடுகின்றன, துடிப்பு அவ்வளவு நீளம் என்பதால் ஒயர் வித்தியாசம் ஒரு பொருட்டே ஆகாது. ஆனால் எலக்ட்ரானிக் சோக் போட்ட டியூப்லைட்டின் இரைச்சல் அந்தப் பக்கம்தான் வந்து விழும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் யாராவது சர்ச்சுக்கென்று பழைய செட் கொண்டுவந்து கொடுத்தால், வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் எல்லா விளக்கையும் போட்டுவிட்டுச் சோதியுங்கள்.

பேனல் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். செல்போனின் செல்ஃபி கேமராவைக் காட்டினால் பெரும்பாலும் எல்.இ.டி.கள் ஊதா கலந்த வெள்ளையாக மின்னுவது தெரியும். டி.வி. ரிமோட்டை வைத்து முதலில் உங்கள் போனைச் சோதித்துக்கொள்ளுங்கள், சில போன்களில் தெரியாது. வெறுங்கண்ணால் பேனலுக்குக் கிட்டத்தில் போய் உற்றுப் பார்க்க வேண்டாம். கண் கூசாததால் ஆபத்து இல்லை என்று தோன்றும், அந்தத் தோற்றம்தான் ஆபத்து.

வரிசை வரிசையாக நடந்து சோதித்தோம். நடந்து என்றால் ஒவ்வொரு மூன்றாவது நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்து. நின்றுகொண்டு சோதித்தால் முன்னால் இருப்பவர் தலை மறைப்பது தெரியாது. மைக்கில் ஒரு பையன் அன்றைய தினத்தந்தியை நிறுத்தாமல் வாசித்தான், பாவம், மாட்டுச் சந்தை நிலவரம் வரைக்கும் வாசித்துவிட்டான். கடைசி மூன்று வரிசையில் வலது மூலையில் மட்டும் லேசான இரைச்சல். மூன்றாவது பேனல் வாங்கி, பால்கனியைத் தாங்கும் தூணில் பின்பக்கம் பார்த்து மாட்டினால் தீரும். அதற்கும் 60 மீட்டர் ஒயர் வாங்கி மிச்சத்தைச் சுருட்ட வேண்டும் என்று சொன்னதும் பொருளாளர் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றுவிட்டார். அதுவரை ரிசீவர் வாங்குகிறவர்களை பால்கனிக்கு முன்னால் உட்காரச் சொல்வதாக ஏற்பாடு.

பேனல் சரியாக இருந்தும் கேட்கவில்லை என்று வருகிற புகாரில் பெரும்பாலானது ரிசீவர் இருக்கும் இடம். ஆண்கள் வாங்கியதும் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள், இல்லையென்றால் தோளில் கிடக்கும் துண்டு நழுவி அதை மூடிவிடுகிறது. பெண்களுக்குச் சேலை முந்தானை. நாடாவில் தொங்கும் வகையைவிட, தாடைக்குக் கீழே தொங்கும் ஸ்டெதாஸ்கோப் வகை இந்த விஷயத்தில் தேவலை. துணி மூட வழியில்லை. ஆனால் காதுக் கருவி போட்டிருப்பவர்களுக்கு அது ஆகாது, அவர்களுக்குக் கழுத்து லூப் (காதுக் கருவியின் டி-சுவிட்சுக்குப் பேச்சை அனுப்பும் கழுத்து ஒயர்) செருகும் வசதியுள்ள நாடா வகைதான் சரி. பத்து ரிசீவரில் ஆறு ஸ்டெதாஸ்கோப் வகையும் நாலு நாடா வகையுமாக வாங்கச் சொன்னேன். கொடுக்கிற மேஜையில் இருப்பவர் "வெளிய தெரியுற மாதிரி போடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இன்னொன்று, மிக்சரிலிருந்து எதை அனுப்புகிறோம் என்பது. மேடை மைக்குகளின் பேச்சு மட்டும் தனி ஆக்ஸ் (ஸ்பீக்கருக்குப் போவதிலிருந்து பிரிந்த மிக்சர் வெளியீடு) வழியாகப் போகட்டும். அரங்கின் நடுவில் மைக் தொங்கவிட்டு எடுத்தால், எந்த எதிரொலியிலிருந்து தப்பிக்க இவ்வளவும் செய்தோமோ அதையே காதுக்குள் ஊற்றுகிறோம்.

வேலை முடிந்த மறுநாள் எலக்ட்ரீசியன் தம்பி பூத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது போன் பண்ணினான். "அண்ணாச்சி, இங்க ஒரு கட்டு ஒயர் சும்மா கெடக்கு. நறுக்கி எடுத்துட்டு ஜாயிண்ட் போட்டுரவா?"

ஓடிப்போய், அட்டையில் பெரிதாக "வெட்டாதே" என்று எழுதிக் கட்டிவிட்டு வந்தேன்.